ஜூனியருக்கு என்னைவிட அதிகச் சம்பளம்: நான் குறைவாகச் சம்பாதிக்கிறேனா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 36. சென்னையில் ஐ.டி. வேலை, மொத்தம் 13 வருட அனுபவம், அதில் இப்போதைய கம்பெனியில் 6 வருடம். சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்கு ஒதுக்கும் மொத்தத் தொகை, 16 லட்சம். போன மாதம் உங்கள் டீமில் சேர்ந்த, 7 வருட அனுபவமே உள்ள ஒருவருக்கு 21 லட்சம் என்று தெரியவந்தது. மேனேஜர் ஸ்கிரீன் ஷேர் செய்தபோது தவறிப்போய் வேறு ஒரு ஷீட் திறந்துவிட்டது, நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அன்றிலிருந்து வேலையில் மனசு ஒட்டவில்லை. ஊரில் தம்பி கிராம நிர்வாக அலுவலர்; உங்களில் பாதிகூட வாங்குவதில்லை, ஆனால் நிம்மதியாக இருக்கிறார். ஆகவே, நான் குறைவாகச் சம்பாதிக்கிறேனா, இல்லை நான் தேர்ந்தெடுத்த துறையே தப்பா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கேள்வியிலேயே நடுவில் ஒரு வரி இருக்கிறது: "ஆறு வருஷமா பெரிய குறை ஒண்ணும் இல்லை." அப்படியானால் அந்த ஷீட் திறக்கும் வரை 16 லட்சம் உங்களுக்குப் போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது. வாடகை ஏறவில்லை, சம்பளம் குறையவில்லை, வேலையும் மாறவில்லை. ஒரு எண் தெரிந்தது, அவ்வளவுதான். நேற்று வரை போதிய பணம் இன்று ஏன் போதவில்லை, அதற்கு என்ன செய்வது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது. நான் பதில் சொல்லப்போவதும் அதற்குத்தான்.

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் பர்சனல் டிபார்ட்மென்டில் தொடங்கி, அப்புறம் சென்னையில் ஐ.டி. கம்பெனிகளில் சம்பள நிர்ணயம் பார்த்துவருகிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒருவர் சம்பளம் எப்படி முடிவாகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், கொஞ்சம் படித்தும் இருக்கிறேன். நான் மனநல மருத்துவன் இல்லை. உங்கள் திறமைக்கு மார்க்கெட்டில் என்ன விலை என்பதையும் இங்கே உட்கார்ந்து சொல்லிவிட முடியாது.

முதலில் கணக்கு. 16 லட்சத்தை 12-ஆல் வகுத்து மாதம் 1,33,000 என்று யாரும் கைக்கு வாங்குவதில்லை. அது உங்களுக்கே தெரியும். ஆனால் பக்கத்து ஆளின் எண்ணைப் பார்க்கும்போது மட்டும் அது நமக்கு மறந்துபோகும். ஒரு சாதாரண அமைப்பை எடுத்துக்கொள்வோம். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், பாதி: 8 லட்சம். வேரியபிள் 10 சதவீதம், 1,60,000, வந்தால்தான் நிச்சயம். கம்பெனி கட்டும் பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், 96,000. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 38,480. குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 12,000 என்று வைப்போம். இதெல்லாம் போனால் மாத மொத்தம் 1,07,800 அளவில் நிற்கும். அதில் உங்கள் பங்கு பி.எஃப். 8,000, வேரியபிளும் முழுசாக வரும் என்று சேர்த்தால் 2025-26 புதிய வரி முறைப்படி வருமான வரி மாதம் 7,500 சொச்சம், தொழில் வரி கொஞ்சம். பேங்குக்கு வருவது ஏறத்தாழ 92,000. சில கம்பெனிகள் சட்டப்படியான 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டும் பி.எஃப். பிடித்து மாதம் 1,800-ஓடு நிறுத்திக்கொள்ளும். அங்கே கைக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும்.

இப்போது அந்த 21 லட்சத்தையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். புதிதாக வருபவரின் ஆஃபரில் ஜாயினிங் போனஸ் என்று ஒன்று இருப்பது வழக்கம். முதல் வருடம் மட்டும் கொடுப்பது. ஒரு வருடத்துக்குள் போனால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அது 2 லட்சம் என்றும், மீதி 19-ல் வேரியபிள் 15 சதவீதம் என்றும் வைத்தால் நிலையான தொகை 16,15,000. உங்களுடையது 14,40,000. 5 லட்சமாகத் தெரிந்த வித்தியாசம் 1,75,000 ஆகிவிட்டது. அவருடைய ஆஃபர் லெட்டரை நான் பார்க்கவில்லை, இது வழக்கத்தை வைத்துப் போட்ட கணக்கு. 21-ம் நிலையான தொகையாகவே இருக்கலாம். எப்படியிருந்தாலும் 7 வருடத்துக்காரர் 13 வருடத்துக்காரரைவிட அதிகம் வாங்குகிறார் என்பது மாறாது. அந்த வித்தியாசம் நிஜம். உங்கள் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல வரவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. மேனேஜருக்கு அவரைப் பிடித்திருக்கிறது, உங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது இல்லை. கம்பெனியில் இரண்டு தனித்தனி பைகள் இருக்கின்றன. ஆள் எடுப்பதற்கு ஒன்று, இருப்பவர்களுக்கு இன்க்ரிமென்ட் கொடுக்க ஒன்று. முதல் பையிலிருந்து கொடுக்கும் தொகையை வெளி மார்க்கெட் தீர்மானிக்கிறது: அந்த ஆள் ஏற்கனவே வாங்கும் சம்பளம், கையில் வைத்திருக்கும் வேறு ஆஃபர், அந்த இடம் எத்தனை மாதமாகக் காலியாகக் கிடக்கிறது, கிளையன்ட் எவ்வளவு நெருக்குகிறார். இரண்டாவது பையின் அளவு வருட ஆரம்பத்திலேயே முடிவாகிவிடும். மொத்தச் சம்பளத்தில் 8 சதவீதம் என்று ஒரு மேனேஜருக்குக் கொடுத்தால், அதற்குள் பன்னிரண்டு பேரைச் சமாளிக்க வேண்டும். ஒருவருக்கு 14 கொடுத்தால் இன்னொருவருக்கு 3.

அந்த ஷீட் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெயர், கிரேடு, இப்போதைய சம்பளம், ரேட்டிங். அப்புறம் ஒரு விகிதம்: அந்த கிரேடுக்கு நிர்ணயித்த நடு எண் 1 என்றால் நீங்கள் எங்கே என்று காட்டுவது. 0.80 என்றால் நடுவுக்கு 20 சதவீதம் கீழே. அதற்குப் பக்கத்துப் பத்தியில், இவர் போய்விடும் ஆபத்து அதிகமா, நடுத்தரமா, குறைவா என்று குறித்திருக்கும். பணம் எங்கே போகும் என்பதை ரேட்டிங்குக்கு அடுத்தபடியாக முடிவு செய்வது இந்தப் பத்திதான். "இவரு எங்கயும் போகமாட்டாரு, போன வருஷம்தான் வீடு வாங்கினாரு" என்று சொல்வதை அந்த அறையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. கையில் இருப்பது 8 சதவீதம். போய்விடக்கூடியவருக்குக் கொடுத்தால் ஆள் நிற்பார், போகாதவருக்குக் கொடுத்தால் பணம் வீண் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆறு வருடம் குறை சொல்லாமல் இருந்தீர்களே, அந்தப் பத்தியில் உங்களுக்கு நேராக என்ன எழுதியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

2021, 2022-ல் இது உச்சத்துக்குப் போனது. வருடத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஆட்கள் விலகுகிறார்கள் என்று பெரிய ஐ.டி. நிறுவனங்களே காலாண்டு அறிக்கையில் சொன்ன காலம் அது. அப்போது தாவியவர்களுக்கு ஒரே தாவலில் 40, 50 சதவீதம் ஏறியது. தாவாமல் உட்கார்ந்திருந்தவர்கள் பழைய எண்ணின் மேலேயே சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஜூனியர் அந்த அலையில் ஒரு தடவையாவது ஏறியிருப்பார் என்று நினைக்கிறேன். அதில் திறமையும் இருக்கலாம். தாவிய காலத்தின் பங்கு நிச்சயம் இருக்கிறது.

சரி, மனசுக்கு வருவோம். சம்பளம் ஏற ஏற வேலையில் திருப்தியும் ஏறும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 2010-ல் டிமோதி ஜட்ஜும் உடன் பணியாற்றியவர்களும் அதுவரை வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சம்பளத்துக்கும் வேலைத் திருப்திக்கும் இருந்த தொடர்பு 0.15 என்று வந்தது. முழுத் தொடர்பு இருந்தால் 1, ஒன்றுமே இல்லையென்றால் 0. அந்த அளவுகோலில் 0.15. இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது அடுத்த எண். "உங்கள் சம்பளம் உங்களுக்குத் திருப்தியா" என்று நேராகக் கேட்டதற்குக் கிடைத்த பதிலுக்கும் சம்பளத் தொகைக்கும் இருந்த தொடர்பே 0.23தான். தன் சம்பளத்தைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதை அந்தச் சம்பளத்தின் அளவு இவ்வளவு கொஞ்சம்தான் தீர்மானிக்கிறது என்றால், மீதியைத் தீர்மானிப்பது எது?

பெரும்பங்கு ஒப்பீடு. கலிஃபோர்னியா அரசு ஊழியர்கள் எல்லோருடைய சம்பளத்தையும் அங்கே ஒரு நாளிதழ் இணையத்தில் போட்டது. டேவிட் கார்டு முதலான பொருளாதார ஆய்வாளர்கள், கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு மட்டும் அப்படி ஒரு தளம் இருக்கிறது என்று தெரிவித்துவிட்டு, பிறகு எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். தன் பிரிவில் நடு அளவுக்குக் கீழே வாங்குபவர்களுக்குத் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே வாங்குபவர்களுக்கு? சந்தோஷம் கூடவே இல்லை. 2012-ல் வெளியான ஆய்வு இது. உங்கள் ஸ்கிரீன் ஷேர் கதைதான், பெரிய அளவில்.

ஆனால் ஒப்பீடு என்று சொல்லி நிறுத்திவிட்டால் "பொறாமைப்படாதே" என்ற உபதேசமாகிவிடும். அதில் எனக்கு உடன்பாடில்லை. நம் நாட்டிலேயே, ஒடிசாவில், எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தசானி மூவரும் செய்த ஆய்வு 2018-ல் வந்தது. தினக்கூலிக்காரர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து ஒரு மாதம் உற்பத்தி வேலை கொடுத்தார்கள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே கூலி. சில குழுக்களில் ஆளுக்கு ஆள் வேறு. தன் குழுவில் மற்றவரைவிடக் குறைவாக வாங்கியவர்கள், அதே தொகையை எல்லோரும் சமமாக வாங்கிய குழுவில் இருந்தவர்களைவிடக் குறைவாக வேலை செய்தார்கள். வேலைக்கு வருவதே 18 சதவீதப் புள்ளி குறைந்தது. வராத நாளுக்குக் கூலி கிடையாது. கூலி தேவைப்படுகிறவர்கள், கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஆய்வின் முக்கியமான பகுதி இதற்கு அப்புறம்தான். அதிகம் வாங்குபவர் உண்மையிலேயே தன்னைவிட அதிகம் செய்து முடிக்கிறார் என்று கண்ணால் பார்க்க முடிந்த இடங்களில், வித்தியாசம் இருந்தும் இந்தப் பாதிப்பு தென்படவில்லை.

கோயம்புத்தூர்த் தொழிற்சாலையில் நான் பார்த்ததும் இதுதான். அங்கே யாருக்கு எவ்வளவு என்பது ரகசியமே இல்லை. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் யூனியனோடு 12(3) ஒப்பந்தம் என்ற சம்பள ஒப்பந்தம் போட்டு, கிரேடு வாரியாக நகல் நோட்டீஸ் போர்டில் தொங்கும். லேத்தில் நிற்பவருக்கும் அசெம்பிளியில் நிற்பவருக்கும் வித்தியாசம் உண்டு, பத்து வருட சீனியருக்கும் புது ஆளுக்கும் வித்தியாசம் உண்டு. அதைப் பற்றி யாரும் சண்டைக்கு வந்ததில்லை, ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரியும். சண்டை வருவது தீபாவளிக்கு முன்னால், போனஸில். சட்டப்படி 8.33 முதல் 20 சதவீதம் வரை. பக்கத்துக் கம்பெனியில் 20 கொடுத்துவிட்டு இங்கே 18 என்று அறிவித்தால் கேன்டீனில் டீ கிளாஸை வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால் ஒருவருக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் குறையும். அந்தச் சில ஆயிரத்துக்காக இரண்டு வாரம் ஓவர்டைம் பார்க்க மாட்டேன் என்று அதைவிட அதிகத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும். "அவனுக்கு 20, எனக்கு ஏன் 18?" என்பதற்கு ஒருவரும் முகம் பார்த்து பதில் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் கோபம். ஐ.டி.யில் சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது என்று ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். அதனால் வித்தியாசம் இல்லாமல் போய்விடுவதில்லை, காரணம் கேட்க வழி மட்டும் இல்லாமல் போகிறது.

ஆக என் பதில் இது: உங்களைக் குடைவது 5 லட்சம் இல்லை, 5 லட்சத்துக்கு யாரும் காரணம் சொல்லாதது. இது ஏன் முக்கியம் என்றால், மருந்து மாறுகிறது. வெறும் தொகைதான் பிரச்சினை என்றால் வேறு கம்பெனிக்குப் போய் 30 சதவீதம் ஏற்றிக்கொண்டால் தீர்ந்துவிட வேண்டும். தீர்வதில்லை. புது வேலையில் சேர்ந்ததும் திருப்தி ஏறி, பிறகு இறங்கிவிடுகிறது என்று மேலாளர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2005-ல் வந்தது. நான் பார்த்த ஆட்களிடமும் அப்படித்தான். அந்த டீமிலும் ஒருநாள் யாராவது ஸ்கிரீன் ஷேர் செய்வார்கள்.

இதைச் சொல்லும்போதே ஒரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். பணம் முக்கியமில்லை, மனசுதான் முக்கியம் என்று மாதம் 15,000 வாங்கும் ஒருவரிடம் யாராவது பேசினால் அது அயோக்கியத்தனம். வீட்டு வாடகை, பிள்ளை ஃபீஸ், அம்மாவின் மருந்து மூன்றும் சேர்ந்து சம்பளத்தைத் தாண்டுகிற இடத்தில், தொகைதான் பிரச்சினை. நீங்கள் அந்த இடத்தில் இல்லை என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது, அதனால்தான் இப்படிப் பேசுகிறேன். ஒரு அளவுக்கு மேல் பணம் மகிழ்ச்சி தராது, அந்த அளவு 75,000 டாலர் என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். டேனியல் கானெமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-ல் சொன்னது, அமெரிக்கக் குடும்ப வருமானத்தை வைத்து. பிறகு மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் அந்த அளவுக்கு மேலும் மகிழ்ச்சி ஏறுவதாகக் காட்ட, 2023-ல் கானெமனும் அவரும் சேர்ந்தே மறுபடி ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஏறிக்கொண்டேதான் போகிறது, ஏற்கனவே ரொம்ப வருத்தத்தில் இருக்கும் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் ஒரு அளவோடு நின்றுவிடுகிறது என்று முடிந்தது. அந்த 75,000 டாலரை ரூபாயாக மாற்றி "சென்னையில் இவ்வளவு போதும்" என்று எழுதுகிறார்களே, அதை நம்பாதீர்கள்.

உங்கள் தம்பியைப் பற்றி. கிராம நிர்வாக அலுவலர் வேலை தமிழ்நாட்டுச் சம்பள அட்டவணையில் நிலை 8, தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. அதன்மேல் அகவிலைப்படி, 2025 ஜூலை கணக்குக்கு 58 சதவீதம். வீட்டு வாடகைப்படி தனி. சில வருட சர்வீஸ் உள்ளவருக்கு 40,000 பக்கம் வரும். பாதிகூட இல்லை என்று நீங்கள் சொன்னது சரிதான். அவருடைய நிம்மதியில் ஒரு பங்கு வேலை போகாது என்பதிலிருந்து வருகிறது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2022-ல் குரூப் 4-க்கு 7,301 இடம் என்று அறிவிப்பு வந்தபோது சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தது சும்மா இல்லை. இன்னொரு பங்கு, அவர் அட்டவணை ஊருக்கே தெரியும் என்பது. அவரோடு சேர்ந்தவர் என்ன வாங்குகிறார், பத்து வருடம் கழித்து இவர் என்ன வாங்குவார், எல்லாம் அரசாணையில் இருக்கிறது. உங்களுக்குப் போன மாதம் வந்த அதிர்ச்சி அவருக்கு வர வழியே இல்லை.

அரசு ஊழியருக்கும் இதே புண் இருக்கிறது, வேறு இடத்தில். 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம், அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு, சம்பளத்திலிருந்தே ஒரு பங்கைப் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியம் என்று ஆனது. பக்கத்து மேஜை, அதே ஃபைல், ஒரு தேதி மட்டும் வேறு. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ போராட்டத்தில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் நாள்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் முதல் கோரிக்கை இதுதான். அப்புறம் அந்த வேலையும் வெளியில் தெரிகிற மாதிரி அமைதியான வேலை இல்லை. பட்டா, வெள்ள நிவாரணம், தேர்தல், மணல் என்று ஊரின் எல்லா வம்பும் அந்த மேஜைக்குத்தான் வரும். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த ஒரு கிராம நிர்வாக அலுவலரை அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். உங்கள் தம்பி பொங்கலுக்கு வரும்போது இதையெல்லாம் சொல்லமாட்டார். நீங்களும் ஆன்-கால் ராத்திரிகளை அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

துறையே தப்பா என்பதற்கு, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து எனக்கு அப்படித் தோன்றவில்லை. துறை ஒத்துவராதவர்கள் வேறு மாதிரி எழுதுவார்கள். சம்பளத்தைப் பற்றிக் கடைசியில்தான் வருவார்கள். வேலை எதற்கென்றே புரியவில்லை, நன்றாகச் செய்தாலும் ஒன்றும் தோன்றவில்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசைகிறது என்று பல வருடக் கதை வரும். உங்களுடையதில் தேதி போட்டு ஒரு நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் நீங்கள் ஒரு மைக்ரேஷன் ப்ராஜெக்ட்டைப் பற்றி எழுதியிருப்பதில் பெருமை தெரிகிறது. இதில் நான் தப்பாக இருக்கலாம், ஒரு பக்கக் கடிதத்தை வைத்துச் சொல்வதுதானே. ஆனால் இந்தக் கோபத்தில் குரூப் 1 புத்தகம் வாங்கவோ, ரிசைன் பண்ணிவிட்டு வேறு படிக்கவோ முடிவெடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியது, கேட்பது. ஜூனியரின் பெயரையோ அந்த எண்ணையோ எடுக்காதீர்கள். எடுத்தால் பேச்சு உங்கள் சம்பளத்தை விட்டுவிட்டு "அந்த ஷீட்டை எப்படிப் பார்த்தாய்" என்பதற்குப் போய்விடும். மேனேஜரிடம் தனியாக நேரம் வாங்கி இப்படிக் கேளுங்கள்: "என் கிரேடுக்கு சம்பள ரேஞ்ச் என்ன, அதில் நான் எங்கே இருக்கிறேன்? நடுவுக்குக் கீழே என்றால் என்ன காரணம்? மேலே வர என்ன செய்யணும், எப்போது திரும்பப் பார்ப்பீர்கள்?" அந்த விகிதம் அவரிடம் இருக்கும், இல்லையென்றால் எச்.ஆர். கொடுக்கும். ஏப்ரலில் இன்க்ரிமென்ட் என்றால் இதை ஜனவரி, பிப்ரவரியிலேயே கேட்டுவிட வேண்டும். மார்ச் கடைசியில் கேட்டால் ஷீட் பூட்டியிருக்கும், மேனேஜர் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. கேட்பதாலேயே ஒரு லாபம் உண்டு: போய்விடும் ஆபத்து என்ற பத்தியில் உங்கள் பெயருக்கு நேரே இருப்பது மாறும்.

பதில் மூன்று மாதிரி வரலாம். காரணம் சொல்லி, அது உங்களுக்கும் நியாயமாகப் படலாம்: அந்த ஆளிடம் உங்களிடம் இல்லாத ஏதோ ஒரு திறமை இருக்கிறது, அதற்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை என்று. கேட்க வலிக்கும், ஆனால் ஒடிசாவில் பார்த்த மாதிரி அந்த வலி வேலையைக் கெடுப்பதில்லை. கற்றுக்கொள்ள ஒரு பெயரும் கிடைக்கிறது. அல்லது, நீங்கள் கீழேதான் இருக்கிறீர்கள், இரண்டு இன்க்ரிமென்ட் சைக்கிளில் சரிசெய்கிறோம் என்று வரலாம். அப்படியானால் அதை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள், "இன்று பேசியதன்படி" என்று நீங்களே ஒரு மெயில் போட்டாலும் போதும். மூன்றாவது, "எல்லாருக்கும் இப்படித்தான், பாலிசி" என்று மழுப்புவது. அது வந்தால்தான் வெளியே பார்க்க வேண்டும். அப்போதும் முதலில் இரண்டு இன்டர்வியூவுக்குப் போய் உங்கள் விலை என்ன என்று தெரிந்துகொண்டு, அப்புறம் முடிவெடுங்கள். ஒரு ஆஃபரை வைத்துக்கொண்டு இங்கேயே கூட்டி வாங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வாங்கலாம், கொடுப்பார்கள். ஆனால் அப்படிக் கூட்டி வாங்கி நின்றவர்களில் நிறையப் பேர் அடுத்த வருடமே போனதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்ற கேள்வி பதில் இல்லாமல் அப்படியே கிடக்கிறது, "கேட்டால்தான் கொடுப்பார்கள்" என்பதும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இது என் அனுபவம் மட்டும், புள்ளிவிவரம் இல்லை.

போவதாக இருந்தால் கிராஜுவிட்டியை மறக்காதீர்கள். ஐந்து வருடம் தாண்டிவிட்டீர்கள், அது உங்கள் பணம். கடைசிப் பேசிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்குங்கள். மேலே போட்ட கணக்குப்படி பேசிக் மாதம் 66,667 என்றால் 6 வருடத்துக்கு 2,30,000 சொச்சம். அதே நேரம், புதிய இடத்தில் முதலிலிருந்து ஐந்து வருடம் எண்ண வேண்டும், சிடிசியில் மட்டும் முதல் நாளிலிருந்தே அதைச் சேர்த்துக் காட்டுவார்கள். 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருக்கும், அதையும் புது கம்பெனியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்கணும். வீட்டுக் கடன் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. 50 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. 43,400 அளவு, கைக்கு வரும் 92,000-ல் கிட்டத்தட்ட பாதி. அப்படி இருந்தால் அந்த ஷீட் உங்களுக்குக் காட்டியது ஜூனியரின் சம்பளத்தை மட்டும் இல்லை, மாதம் 20-ம் தேதிக்கு மேல் உங்களுக்கு இருக்கும் இறுக்கத்தையும்தான். அதற்கு மேனேஜரிடம் பதில் கிடையாது. கடனில் கொஞ்சம் முன்கூட்டிக் கட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று பேங்கில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. தூக்கம் வரவில்லை என்று ஒரு வார்த்தை போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றிரண்டு நாள் என்றால் சரி. வாரக்கணக்கில் அப்படியென்றால் சம்பளப் பேச்சுக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

உங்கள் ஆஃபர் லெட்டரின் பின்பக்கத்தில் சிடிசியைப் பிரித்துப் போட்ட அட்டவணை இருக்கும். பேசிக், வேரியபிள் இரண்டின் சதவீதத்தையும், இன்க்ரிமென்ட் எந்த மாதம் என்பதையும் எழுதினால் மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களை வைத்துத் திருத்தித் தருகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.